தொலைக்காட்சியில் உங்களுக்கும் அரை மணி நேரம்

 

தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து அதனைக் குறை கூறாத குடும்பம் நம்மிடையே உண்டா? "நம்மைப் பற்றிப் பேசுவோரெல்லாம் பிறர், நாம் பேசத்தான் இடமில்லை" என்னும் ஆதங்கத்தைத் திருமண வீடுகளிலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஏன், நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கறுப்பின மக்கள், தொழிலாளர், முதியோர், சிறு சிறு சமயப் பிரிவினர் ஆகிய அனைவரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தனர். அந்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் இதற்கென ஒரு வழி காணப்பட்டது. அதன் பெயர் பப்ளிக் ஆக்சஸ். பொதுமக்கள் அலைவரிசை என நாம் அழைப்போம்.

நம் ஊர்க் கேபிள்காரர் நடத்தும் உள்ளூர்ச் சேனலோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே சேனல் அவருடையது. எதை ஒளிபரப்புவது என்பதும் அவர் விருப்பம். பொதுமக்கள் அலைவரிசையிலோ, கம்பி நிறுவனத்துடையது, நேரம் ஊராருடையது. நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க அங்கே ஆசிரியர் எவரும் இல்லை. எனில், யாருக்கு எப்போது இடம் என்பதை எது தீர்மானிக்கிறது? சில பக்கங்களே கொண்ட ஒரு விதிமுறை ஏடு. அந்த ஏட்டைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், இவ்வுரிமை எவ்வாறு பிறந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். கேபிள் நிறுவனம் வீடுதோறும் கம்பி இழுக்க வேண்டுமாயின் தெருவைத் தோண்ட வேண்டும். கம்பங்களைப் பயன்படுத்த வேண்டும். தெரு யாருடையது? ஊருடையது. "எங்கள் தெருவைப் பயன்படுத்துகிறீர்கள், பதிலுக்கு எங்கள் மக்களுக்குச் சில அலைவரிசைகளைத் தாருங்கள்" என நகராட்சிகள் கேட்டன. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் 1971 ஜூலையில் இவ்வகை அலைவரிசைகள் தொடங்கின. அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்டோனி என்னும் ஆவணப்பட இயக்குநர், ரெட் பர்ன்ஸ் என்னும் பெண்மணியோடு சேர்ந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையம் ஒன்றை நிறுவினார். கையில் எடுத்துச் செல்லத்தக்க வீடியோ கருவி அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அதனை எளிய மக்கள் கையில் கொடுத்துப் பழக்கினார் ஸ்டோனி. 2012இல் தமது 96ஆம் வயதில் மறைந்த அவரை இவ்வியக்கத்தின் தந்தை என இன்றும் குறிப்பிடுகின்றனர்.

1972இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பெருநகரங்களின் கேபிள் நிறுவனங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. 1979இல் உச்ச நீதிமன்றம், "ஆணையத்திற்கு அந்த அதிகாரமில்லை" என அவ்விதியைத் தள்ளிவிட்டது. பின்னர் 1984இல் நாடாளுமன்றமே கேபிள் சட்டம் ஒன்றை இயற்றியது. அலைவரிசை கேட்கும் உரிமை நகராட்சிகளுக்கு உறுதியாயிற்று. நிறுவனத்தின் கேபிள் வருமானத்தில் 5 விழுக்காடு வரை உரிமக் கட்டணம் பெறவும் வழி பிறந்தது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்த அலைவரிசைகளின் உள்ளடக்கத்தில் கேபிள் நிறுவனம் தலையிடலாகாது என்றும் சட்டம் கூறிற்று.

சரி, இப்போது நீங்கள் அமெரிக்காவில் ஒரு நடுத்தர நகரில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சிலர் கூடி, ரமளான் மாதத்தில் வாரந்தோறும் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றை அளிக்க முடிவு செய்கிறீர்கள். நிலையத்திற்குச் செல்கிறீர்கள். என்ன கேட்பார்கள்?

"நீங்கள் இவ்வூர்க்காரரா?" என்பதே முதல் கேள்வி. மின் கட்டண ரசீதோ ஓட்டுநர் உரிமமோ காட்ட வேண்டும். வெளியூரில் தயாரான நிகழ்ச்சியெனில், உள்ளூர்வாசி ஒருவர் தம் பெயரில் அதனைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது பல நிலையங்களின் விதி. அடுத்து, அறிமுக வகுப்பு ஒன்றில் உட்கார வைப்பார்கள். காமிராவை இயக்கவும் படத்தொகுப்புச் செய்யவும் பயிற்சி பெற்றுத் தேறினால், நிலையத்தின் கருவிகளைக் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ பயன்படுத்தலாம். கருவி உடைந்தால் பொறுப்பு உங்களுடையது. தாமதமாகத் திருப்பினால் சிறிது காலம் கருவி கிடையாது. இரவல் நூலகத்தின் நடைமுறையை அறிந்தவர்க்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

பின்னர் ஒரு படிவம் தருவார்கள். அதில் கையொப்பமிடும் முன் இருமுறை படியுங்கள். நிகழ்ச்சியின் ஒவ்வொரு சொல்லுக்கும் காட்சிக்கும் நீங்களே பொறுப்பு என்றும், வழக்கு வந்தால் நிலையத்தைக் காப்பது உங்கள் கடமை என்றும் அதில் எழுதியிருக்கும். நிலையம் முன்கூட்டித் தணிக்கை செய்யாது. ஆகவே பொறுப்பையும் ஏற்காது. பேச்சுரிமையும் பொறுப்பும் ஒரே தாளில், ஒரே கையொப்பத்தில்!

இங்கே நம்மவர் தவறக்கூடிய இடங்கள் சில உண்டு. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் நாகூர் ஹனிபாவின் பாடல் ஒன்றை ஒலிக்கவிட ஆசைப்படுவீர்கள். கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் ஒளிபரப்பும் உரிமை அதனோடு சேர்ந்து வருவதில்லை. ஒலிப்பதிவின் உரிமையாளர் எழுத்து மூலம் இசைவு தர வேண்டும். அடுத்து, பெருநாள் சந்தையைப் பற்றி அறிவிப்பீர்கள். சந்தை நடக்கும் நாளையும் இடத்தையும் கூறலாம். "பிரியாணி 8 டாலர், வந்து வாங்குங்கள்" என்றால் அது விளம்பரமாகிவிடும். விளம்பரத்திற்கு அங்கு இடமில்லை. உதவி செய்த கடைக்காரருக்குப் பெயர் சொல்லி நன்றி கூறலாம். அவர் கடைச் சரக்கைப் புகழலாகாது. பள்ளிவாசல் கட்டட நிதிக்கு நேயர்களிடம் கை நீட்டுவதையும் பல நிலையங்கள் அனுமதிப்பதில்லை. இது நிலையத்திற்கு நிலையம் மாறும் விதி. முன்னரே கேட்டறிதல் நலம்.

அரை மணி நேரம் என்றேன் அல்லவா? உண்மையில் அது 28 நிமிடம், அல்லது 28 நிமிடம் 30 விநாடி. எஞ்சிய நேரத்தை நிலையத்தின் பெயரும் அறிவிப்புகளும் எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் என்றால் 58 நிமிடம். நம் பயான் மேடைகளின் நேரக் கணக்கை அறிந்தவர்கள் இவ்விடத்தில் சிரிப்பார்கள்! ஆனால் அங்கே சிரிக்க இயலாது. அடுத்த நேரம் வேறொருவருடையது. உங்கள் நிகழ்ச்சி 31 நிமிடம் ஓடினால் நடுவில் வெட்டுவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். ஒலியளவு, படத்தின் தரம் ஆகியவற்றிற்கும் அளவுகள் உண்டு. முன்னர் வி.எச்.எஸ். நாடாவாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்; இன்று கணினிக் கோப்பாக அனுப்புகிறார்கள். ஒளிபரப்பு நாளுக்கு ஒரு வாரமோ இரு வாரமோ முன்னதாகச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை.

இனி, நேரப் பங்கீடு. இதுவே விதிமுறை ஏட்டின் உயிர்நாடி. மூலக் கொள்கை ஒன்றே: முதலில் வந்தவருக்கு முதலிடம். நியூயார்க் மாநிலத்தில் இது நிலையத்தின் பெருந்தன்மையன்று. மாநில விதியே அவ்வாறு கூறுகிறது. வேற்றுமை பாராட்டாமல், வந்த வரிசைப்படி நேரம் ஒதுக்க வேண்டும்; அந்நேரத்திற்குக் கட்டணம் கேட்கக்கூடாது. 1984இல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் இத்தகைய அலைவரிசையைத் தொடங்கிய ஜெர்மானியர், இவ்விதிக்குப் 'பாம்பு முறை' என்று பெயர் சூட்டினர். அவர்கள் மொழியில் வரிசைக்கும் பாம்புக்கும் ஒரே சொல். அடுத்த ஆண்டு பெர்லினில் தொடங்கிய அலைவரிசையில் அந்தப் பாம்பின் நீளத்தைக் கூட்டியவர்களில் துருக்கிய முஸ்லிம்கள் கணிசமானவர்கள் என்பது நமக்குச் சுவையான செய்தியன்றோ!

ஆயினும் வரிசை மட்டும் போதாது. மாலை ஏழு மணியை எல்லோரும் விரும்புவர். அதிகாலை மூன்று மணியை யார் விரும்புவர்? முதலில் வந்த ஒருவரே நல்ல நேரத்தையெல்லாம் ஆண்டாண்டுக்கும் பிடித்துக்கொண்டால், பின் வந்தவர் என்ன செய்வார்? ஆகவேதான் பல நிலையங்களில் தொடர் நிகழ்ச்சிக்கு மூன்று மாதத் தவணையில் நேரம் தருகின்றனர். தவணை முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே நேரத்திற்குப் பலர் போட்டியிட்டால் சில ஊர்களில் குலுக்கல் நடத்துவர். ஒருவருக்கு வாரத்திற்கு இத்தனை மணிதான் என்னும் வரம்பும் உண்டு. சொன்ன நாளில் புதிய நிகழ்ச்சியைத் தராமல் பழையதையே மீண்டும் மீண்டும் ஓட்டினால் நேரம் பறிபோகும். பெரியவர்களுக்கு மட்டும் உரிய காட்சிகள் உள்ள நிகழ்ச்சியை இரவு பத்து அல்லது பதினொரு மணிக்குப் பின் தள்ளிவைக்கின்றனர்.

உங்கள் ரமளான் நிகழ்ச்சிக்கு வருவோம். ஆங்கில நாட்காட்டியில் நம் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டேயிருக்கும். நிலையத்தின் தவணையோ ஜனவரியில், ஏப்ரலில், ஜூலையில், அக்டோபரில் என அசையாமல் நிற்கும். 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் 11 முதல் நோன்பு. ஏப்ரல் 10 பெருநாள். ஒரே ரமளான் இரண்டு தவணைகளில் விழுந்தது! முதல் தவணைக்கு மட்டும் விண்ணப்பித்தவருக்கு மார்ச்சோடு நேரம் முடிந்துவிடும். நோன்பின் கடைசி ஒன்பது நாட்களும் பெருநாளும் அவர் கையைவிட்டுப் போய்விடும். பெருநாள் நிகழ்ச்சியிலோ இன்னொரு சிக்கல். பிறையை எதிர்பார்ப்பவர்க்குப் பெருநாள் முந்திய இரவில்தான் உறுதியாகும். நிலையமோ இரு வாரங்களுக்கு முன்பே நாள் கேட்கும். "பிறை தெரிந்தால் செவ்வாய், இல்லையேல் புதன்" என்று எழுத அப்படிவத்தில் கட்டமில்லை. இரு நாளும் ஒரே நேரத்தைக் கேட்டு, இரு நாளுக்கும் பொருந்தும் வகையில் பேசிப் பதிவு செய்வதே விவேகம். நாள் பெயரை நிகழ்ச்சிக்குள் உச்சரிக்காமலிருந்தால் போதும்.

இதுவரை கூறியது எளிய பகுதி. கடினமான பகுதி, உங்கள் அரை மணி முடிந்த பின் தொடங்கும் அடுத்த அரை மணியில் இருக்கிறது.

அந்த நேரத்தில் வருபவர் உங்களை இழிவுபடுத்த வந்தவராயின்? இது கற்பனையன்று. மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகரில் 1980களின் இறுதியில் நடந்ததைக் கேளுங்கள். கறுப்பின மக்களையும் யூதரையும் வெறுப்பதையே தொழிலாகக் கொண்ட கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தினர், கலிபோர்னியாவில் தயாரான தங்கள் நிகழ்ச்சியை அந்நகரின் பொதுமக்கள் அலைவரிசையில் ஒளிபரப்புமாறு கேட்டனர். "வெளியூர் நிகழ்ச்சிக்கு இடமில்லை, உள்ளூரில் தயாரிக்க வேண்டும்" எனக் கேபிள் நிறுவனம் விதியைக் காட்டியது. "நல்லது, அவ்வாறே தயாரிக்கிறோம், எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள்" என்றனர் அவர்கள். பயிற்சி தர வேண்டிய படப்பிடிப்புக் கூடமோ கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பகுதியில் இருந்தது! ஊரே கொந்தளித்தது. விதியைச் சொல்லித் தடுக்க முயன்றவர்கள், விதிக்கு அவர்கள் உட்பட்டதும் கையறு நிலைக்கு ஆளாயினர். 1988 ஜூனில் நகர மன்றம் ஒரு முடிவெடுத்தது. கிளான்காரர்களை விலக்க இயலாதெனில் அலைவரிசையையே நீக்கிவிடுவோம்! பொதுமக்கள் அலைவரிசை ஒழிந்தது. அதனிடத்தில் நிறுவனமே நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது.

அதனால் வாயடைக்கப்பட்டவர் யார்? கிளான்காரர் மட்டுமா? அந்த அலைவரிசையில் பேசும் உரிமை கொண்டிருந்த அத்தனை எளியோரும் அல்லவா! வழக்குத் தொடுக்கப்பட்டது. ஒருவருடைய கருத்தை வெறுத்து அலைவரிசையை மூடுவது பேச்சுரிமைக்கு எதிரானதாகலாம் என்பதால் 1989இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. அதே ஆண்டில் நகர மன்றம் அலைவரிசையை மீட்டளித்தது.

வாசகர்களே, இதைப் படிக்கும்போது உங்கள் மனம் என்ன சொல்கிறது? முதலில் நகர மன்றத்தின் பக்கமே என் மனம் சாய்ந்தது. இழிந்த சொற்கள் என் வீட்டுக் கூடத்தில் ஒலிப்பதை நான் எவ்வாறு பொறுப்பேன்? ஆனால் சற்றே எண்ணிப் பார்த்தேன். இன்று, "இவர்கள் பேச்சை ஊரார் விரும்பவில்லை" என்னும் காரணத்தால் ஒருவருக்கு நேரம் மறுக்கப்படுமாயின், அதே காரணம் நாளை யார்மீது பாயும்? 2001 செப்டம்பருக்குப் பின்னர் அமெரிக்காவின் சிறு நகர்களில் ஒரு முஸ்லிம் குடும்பம் விண்ணப்பப் படிவத்தோடு நிலையத்திற்குள் நுழைவதை எண்ணிப் பாருங்கள். மேசைக்கு அப்பால் இருப்பவரின் மனநிலை எப்படியிருப்பினும், "வரிசையில் உங்கள் எண் இது" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. அதுவே அந்தக் குடும்பத்திற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. இதில் என்னோடு உடன்படாத சகோதரர்கள் இருப்பார்கள். அவர்கள் வாதத்திலும் வலுவுண்டு.

விதிகளைக் கையாள்வோரும் மனிதர்களே என்பதைப் பின்னர் வந்த ஒரு வழக்குக் காட்டிற்று. மன்ஹாட்டனின் பொதுமக்கள் அலைவரிசைகளை அரசு சாராத லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. கிழக்கு ஹார்லம் பகுதி மக்களை அந்த அமைப்பே புறக்கணிக்கிறது எனக் குற்றம் சாட்டி, இரு தயாரிப்பாளர்கள் படம் எடுத்து அதன் அலைவரிசைக்கே அளித்தனர். படம் ஒளிபரப்பாயிற்று. பின்னர் அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் புகார்கள் வந்தன. தகராறு முற்றி, இருவருக்கும் அமைப்பின் வாயில் அடைக்கப்பட்டது. "எங்கள் கருத்துக்காகத் தண்டித்தார்கள்" என அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் தீர்ப்பளித்தது. அமைப்பு தனியாருடையது, அரசமைப்பின் பேச்சுரிமைப் பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும், ஆகவே அப்பிரிவின் கீழ் அதன்மீது வழக்குச் செல்லாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஊரின் சார்பில் ஊர்ப்பணியைச் செய்வோருக்கு அரசின் கட்டுப்பாடும் உண்டு என்றனர் மறுத்த நால்வர்.

இதன் விளைவு யாது? பெரிய சட்டத்தின் குடை இத்தகைய அமைப்புகளுக்கு மேல் விரியாதபோது, மாநில விதியும் அந்தச் சில பக்க ஏடுமே தயாரிப்பாளர் பற்றி நிற்கும் கொம்பாகின்றன. ஆதலால் ஏட்டின் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். எத்தவறுக்கு எச்சரிக்கை, எத்தவறுக்கு இடைநீக்கம், இடைநீக்கம் எத்தனை நாள், மேல்முறையீட்டை யாரிடம், எத்தனை நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பவை அங்குதான் இருக்கும். அவை தெளிவாக எழுதப்படாத நிலையமெனில், நிர்வாகியின் நல்ல மனத்தை நம்பித்தான் நீங்கள் படம் எடுக்கிறீர்கள்.

இந்த அலைவரிசைகளின் எதிர்காலம் ஒளிமயமாக இல்லை. 2005க்குப் பின் பல மாநிலங்கள் உரிமம் வழங்கும் அதிகாரத்தை நகராட்சிகளிடமிருந்து தாமே எடுத்துக்கொண்டன. கலிபோர்னியாவில் 2006இல் அத்தகைய சட்டம் வந்தது; 2009 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பொதுமக்கள் படப்பிடிப்புக் கூடங்கள் மூடப்பட்டன. கேபிளைத் துண்டித்துவிட்டு இணையத்தில் படம் பார்ப்போர் பெருகப் பெருக, உரிமக் கட்டணமும் சுருங்குகிறது. அதை நம்பிய நிலையங்களும் மெலிகின்றன. "இணையத்தில்தான் எவரும் எதையும் போடலாமே, இவ்வளவு விதிகள் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். போடலாம். ஆனால் அங்கே உங்கள் படம் யார் கண்ணில் படும், எப்போது மறைக்கப்படும் என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. வரிசையில் உங்கள் எண் என்னவென்று அங்கே கேட்டுப் பாருங்கள்!

உங்கள் மகனோ மருமகளோ, பேத்தியோ அந்நாட்டில் குடியிருந்து, இவ்வகை நிலையம் இன்னும் இயங்கும் ஊரில் இருப்பார்களாயின், ஒன்று சொல்லி வையுங்கள். காமிராவைத் தொடுவதற்கு முன் விதிமுறை ஏட்டின் அண்மைப் பதிப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த தவணைக்கான விண்ணப்பம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதை அதில் பார்த்து, அடுத்த ரமளானின் உத்தேச நாட்களோடு ஒப்பிட்டு, சமையலறை நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளட்டும்.